ஏவுகணையை முன்கூட்டியே பார்க்கும் ரேடார்: கண்ணில் பட்டதை எப்படி நம்புவது?

2024 டிசம்பர் 30 இரவு. பழவேற்காட்டில் மாமா வீட்டுக்குப் பின்னால் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி60 கிளம்ப வேண்டிய நேரம் 9 மணி 58 நிமிடம். அதை 10 மணி 15 விநாடிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். வடக்கே சவுக்குத் தோப்புக்கு மேலே செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் எழுந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த படகுகள், காயப்போட்ட வலை எல்லாம் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. நெருப்பு மேலே போய்ச் சின்னப் புள்ளியாகிக்கொண்டிருந்தபோதுதான், ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் கழித்து, அந்த உறுமல் எங்களை எட்டியது. ஏவுதளம் அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர்.

மாமா அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. ராக்கெட் விடும் நாள் என்றால் இந்தக் கரையில் யாரும் போக மாட்டார்கள். முன்னாலேயே சேதி வந்துவிடும். மீன்வளத் துறை சொல்லும், ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள், இப்போது வாட்ஸ்அப் குரூப்பிலும் வரும். எந்தத் தேதி, எந்த நேரம், எந்தத் திசையில் போகக் கூடாது என்று எல்லாம் அதில் இருக்கும். புள்ளி மறைந்த பிறகும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாமா கேட்டார்: "ஏன் மாப்ளே, இம்மாம் பெரிய நெருப்பு, வேற எந்த நாட்டுக்காரன் கண்ணுலயும் படாமயா போவுது? பாக்கறவன் குண்டுன்னு நெனச்சிட்டா?"

நான் இருப்பது ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்துத் தடாவில். எங்கள் ஊர்களில் ராக்கெட்டைப் பார்த்து வளராத பிள்ளை கிடையாது. ஆனாலும் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதே மாதத்தில்தான் இன்னொரு செய்தியும் வந்திருந்தது: ரஷ்யாவின் வொரோனெஷ் வகை முன்னெச்சரிக்கை ரேடாரை வாங்க இந்தியா பேசிக்கொண்டிருக்கிறது, கர்நாடகத்தின் சித்ரதுர்கா பக்கம் அதை நிறுவக்கூடும் என்று. 6,000 கிலோமீட்டருக்கு மேல் பார்க்கும் என்று எழுதினார்கள். அந்த எண்ணைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். மாமா கேட்டதோ அதைவிட முக்கியமான விஷயம். கண்ணில் படுகிறது, சரி. பட்டது என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கண்ணில் படுவது எப்படி என்று பார்ப்போம்.

ரேடார் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. கடலுக்குள் போகப் போக கலங்கரை விளக்கம் தண்ணீருக்குக் கீழே இறங்குவதைப் படகில் போகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். விளக்கு அணைந்துவிடவில்லை, நடுவில் கடலின் வளைவு வந்துவிட்டது. ரேடாருக்கும் இதே கதிதான். 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தைத் தரையில் இருக்கும் ரேடார் சுமார் 350 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கலாம். 100 கிலோமீட்டர் உயரத்தில் போகும் பொருளை 1,100 கிலோமீட்டரிலிருந்து பார்க்கலாம். 1,000 கிலோமீட்டர் உயரம் என்றால் 3,700 கிலோமீட்டரிலிருந்தே தெரியும். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே ஏறி இறங்குவதால்தான் அதை அத்தனை தொலைவில் பிடிக்க முடிகிறது. தரையை ஒட்டிப் பறக்கும் குரூஸ் ஏவுகணைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது சிக்கல் எதிரொலி. அனுப்பிய அலை போகும்போதும் பரவித் தேய்கிறது, பட்டுத் திரும்பும்போதும் பரவித் தேய்கிறது. அதனால் தொலைவு இரண்டு மடங்கானால் திரும்பி வரும் எதிரொலி பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. தொலைவு பத்து மடங்கானால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தேடுவதோ கூம்பு வடிவத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும் ஒரு குண்டின் தலையை. இதற்கு மெகாவாட் கணக்கில் மின்சாரம் வேண்டும், கட்டடம் அளவுக்கு ஆண்டெனா வேண்டும். அமெரிக்கா 1970-களின் கடைசியில் கட்டத் தொடங்கிய பேவ் பாஸ் ரேடார்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் பத்து மாடி உயரம். சாய்ந்த சுவர் ஒவ்வொன்றிலும் 1,792 சிறு ஆண்டெனாக்கள் அலை அனுப்புகின்றன. 420 முதல் 450 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கிலாந்தின் ஃபைலிங்டேல்ஸில் 1963 முதல் மூன்று பெரிய வெள்ளைக் கோளங்கள் நின்றன. அவற்றுக்குள் சுழலும் தட்டுகள் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் அவற்றை எடுத்துவிட்டு மூன்று முகமுள்ள ஒரு மொட்டைப் பிரமிடைக் கட்டினார்கள். அதில் எதுவும் சுழலாது. ஆனாலும் சுற்றிலும் எல்லாத் திசையும் தெரியும்.

சுழலாமல் எப்படித் திரும்பிப் பார்க்கிறது? இதைப் புரிந்துகொள்ள நான் ரஷ்யாவுக்கோ இங்கிலாந்துக்கோ போக வேண்டியதில்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில், பாகாலா பக்கத்தில் காதங்கி என்று ஒரு ஊர். அங்கே தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தின் எம்எஸ்டி ரேடார் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்தில் 1,024 யாகி ஆண்டெனாக்கள், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசை. பழைய வீட்டு மாடிகளில் டிவிக்கு வைத்திருந்தோமே, அந்த ஜாதி ஆண்டெனாதான். நாற்று நட்ட வயல் மாதிரி வரிசையாக நிற்கின்றன, எல்லாம் வானத்தைப் பார்த்து. ஏவுகணைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காற்று எந்த உயரத்தில் எந்தப் பக்கம் வீசுகிறது, எங்கே சுழிக்கிறது என்று பார்ப்பதே இதன் வேலை. வெறுங்காற்றிலிருந்து வரும் எதிரொலியைக் கேட்கிறது என்றால் எவ்வளவு கூர்மையான காது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதற்காக 53 மெகாஹெர்ட்ஸில், 2.5 மெகாவாட் உச்சத் திறனில் அலை அனுப்பும்படி இதை அமைத்தார்கள்.

இந்த ஆண்டெனாக்களில் ஒன்றுகூட அசையாது. அலை மட்டும் வேண்டிய பக்கம் சாயும். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தள்ளினால் அலை நேர் எதிரே போகும். இடக்கோடியில் இருப்பவன் முதலில் தள்ளி, அடுத்தவன் கொஞ்சம் தாமதித்து, அதற்கடுத்தவன் இன்னும் கொஞ்சம் தாமதித்துத் தள்ளினால் அலை வலப்பக்கம் சாய்ந்து போகும். யாரும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. தாமதத்தை மாற்றினால் திசை மாறுகிறது. ரேடாரில் அந்தத் தாமதத்தை மின்னணுக் கருவி விநாடியின் மிகச் சிறிய பங்கில் மாற்றிவிடும். ஒரு கணம் வடக்கே, அடுத்த கணம் கிழக்கே. ஏவுகணை ரேடாருக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் அது ஒன்றைத் தொடர்ந்துகொண்டே மற்ற திசைகளையும் தேட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலேயே இஸ்ரோ இந்த வகையில் ஒரு ரேடார் வைத்திருக்கிறது. 4,608 சிறு ஆண்டெனாக்கள், ஒரே நேரத்தில் பத்துப் பொருள்களைத் தொடரும். விண்வெளிக் குப்பையைக் கவனிக்க அது உதவுகிறது. அன்று இரவு ராக்கெட் இரண்டு நிமிடம் தள்ளிப்போனதும் மேலே சுற்றும் வேறு செயற்கைக்கோள்களுக்கு வழிவிடத்தான்.

சரி, ஏதோ ஒன்று பட்டுவிட்டது. அப்புறம்?

எச்சரிக்கை ரேடார் அடிவானத்துக்குச் சற்று மேலே வேலி போட்டதுபோல் அலையை வீசிக்கொண்டே இருக்கும். எதுவாவது அந்த வேலியைத் தாண்டினால் உடனே அதை மறுபடி மறுபடி தொட்டுப் பார்க்கும். எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம், எந்தத் திசை. எஞ்சின் அணைந்த பிறகு ஏவுகணை என்பது வீசியெறிந்த கல். அதை இழுப்பது பூமி மட்டும்தான். ஆகவே சில புள்ளிகள் கிடைத்தாலே அதன் முழுப் பாதையையும் கணக்குப் போட்டுவிடலாம். முன்னே நீட்டினால் விழப்போகும் இடம், பின்னே நீட்டினால் கிளம்பிய இடம். செயற்கைக்கோளின் பாதையும் இதே மாதிரி நீள்வட்டம்தான், ஆனால் அது பூமியைத் தொடாமல் சுற்றிவிடும். ஏவுகணையின் நீள்வட்டம் பூமிக்குள் புகுந்துவிடும். எச்சரிக்கை ரேடாரின் கணினி முதலில் பிரித்துப் பார்ப்பது இதைத்தான்: இது விழுமா, விழாதா? வானத்தில் ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்களும் உடைசல்களும் சுற்றுவதால், ரேடார் பார்ப்பதில் மிகப் பெரும்பகுதி விழாதவைதான். அதனாலேயே இந்த நிலையங்கள் ஓய்வு நேரமே இல்லாமல் விண்வெளிப் பொருள்களின் பட்டியலையும் பராமரிக்கின்றன. தெரிந்த முகங்களை எல்லாம் கழித்தால்தான் தெரியாத முகம் தனியாகத் தெரியும்.

தெரிந்த முகங்களில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டதால் நடந்த கதை ஒன்று உண்டு. கிரீன்லாந்தின் துலேவில் அமெரிக்காவின் புதிய எச்சரிக்கை ரேடார் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தது. 1960 அக்டோபர் 5 அன்று அது பெரும் ஏவுகணைத் தாக்குதல் வருவதாகச் சொன்னது, கிட்டத்தட்ட முழு உறுதியுடன். உண்மையில் நார்வேக்கு மேலே நிலா உதித்துக்கொண்டிருந்தது. ரேடார் அலை நிலாவில் பட்டுத் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் எதிரொலியை எதிர்பார்க்கும் கருவிக்கு அவ்வளவு தாமதமாக ஒன்று வரக்கூடும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. பழைய அலையின் பதிலை அது புதிய அலையின் பதிலாக எடுத்துக்கொண்டது. கட்டுப்பாட்டு மையத்தில் அன்று பொறுப்பில் இருந்தவர் கனடா விமானப்படையின் ராய் ஸ்லெமன். அவர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும்: குருஷ்சேவ் இப்போது எங்கே இருக்கிறார்? நியூயார்க்கில், ஐ.நா. கூட்டத்தில். தங்கள் தலைவரே இருக்கும் நகரத்தின் மேல் சோவியத் குண்டு போடுமா? அங்கேயே பதற்றம் பாதி குறைந்தது.

இதற்குப் பிறகும் கருவிகள் தவறியிருக்கின்றன. 1979 நவம்பர் 9 அன்று அமெரிக்கக் கணினித் திரைகளில் பயிற்சிக்கான தாக்குதல் காட்சி நிஜம்போல ஓடியது. 1980 ஜூனில் 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப் கெட்டுப்போனதால் வராத ஏவுகணைகள் திரையில் எண்ணிக்கையாக வந்தன. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் செயற்கைக்கோள் ஐந்து ஏவுகணைகள் கிளம்பியதாகச் சொன்னது. மேகத்தின் உச்சியில் பட்ட வெயில்தான் அது. பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், போர் தொடங்குகிறவன் ஐந்தோடா நிறுத்துவான் என்று யோசித்தார். தரை ரேடார்கள் எதையும் காட்டவில்லை. தவறான எச்சரிக்கை என்று மேலே சொன்னார்.

பெத்ரோவின் கதையைப் பலரும் அறிவார்கள். அதில் கவனிக்க வேண்டியது அந்தத் தரை ரேடார்கள்தான். செயற்கைக்கோள் எஞ்சினின் வெப்பத்தைப் பார்க்கிறது. ரேடார் பொருளின் உடலைத் தொட்டுப் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு சாட்சிகள். வெயில் ஒன்றை ஏமாற்றலாம், நிலா இன்னொன்றை ஏமாற்றலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏமாற்றுவது கடினம். முன்னெச்சரிக்கை ஏற்பாட்டில் ரேடார் செய்யும் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பார்க்கிறது என்பதைவிட, இரண்டாவது சாட்சியாக நின்று 'இல்லை' என்று சொல்லும் அதன் தகுதி பெரிது.

மாமாவுக்கு அன்று நான் சொன்ன பதில் சுருக்கமானது. "தெரியும் மாமா. வெப்பத்தைப் பார்க்கிற செயற்கைக்கோளுக்குக் கிளம்பினதுமே தெரிஞ்சிடும். ஆனா உங்களுக்குச் சேதி சொன்ன மாதிரி மத்த நாடுகளுக்கும் முன்னாடியே சொல்லிடுவாங்க." நான் சொன்னது உண்மைதான். ஏவுகணைப் பரவலுக்கு எதிரான ஹேக் நடத்தை விதிகளில் இந்தியா 2016 ஜூனில் சேர்ந்தது. ஏவுகணைச் சோதனையையும் ராக்கெட் ஏவுதலையும் முன்கூட்டி அறிவிப்பது அதன் முக்கியமான பகுதி. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் தனியாக அறிவிப்பு போகிறது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "சொல்லிடுவாங்க, சரி. ராத்திரி அந்த மெஷின் முன்னால குந்தினு இருக்கிறவனுக்குப் போய்ச் சேந்துச்சான்னு யாரு பாக்கறது?"

1995-இல் நடந்தது இதேதான். அந்த ஆண்டு ஜனவரி 25 அன்று நார்வேயின் ஆண்டோயா தீவிலிருந்து பிளாக் பிரான்ட் 12 என்ற ஆராய்ச்சி ராக்கெட்டை விட்டார்கள். வடதுருவத்தில் வானத்தில் தெரியும் பச்சை ஒளியை ஆராய்வதற்காக. 1,400 கிலோமீட்டருக்கு மேல் ஏறியது. ரஷ்யாவின் ஒலெனெகோர்ஸ்க் ரேடார் அதைச் சரியாகப் பிடித்தது. நீர்மூழ்கியிலிருந்து கிளம்பும் அமெரிக்க ஏவுகணையைப்போல அது தெரிந்தது. அணு ஆயுதத்தை ஏவ உத்தரவிடுவதற்காக அப்போதைய ரஷ்ய அதிபர் எல்த்சினிடம் இருந்த அணுப் பெட்டி திறக்கப்பட்டது. சில நிமிடங்கள் கழித்து, அது ரஷ்யா பக்கம் வரவில்லை என்று தெளிவானது. நார்வே முறைப்படி ரஷ்யாவுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பியிருந்தது. அந்தத் தகவல் ரேடாரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ரேடாரில் பழுதில்லை, கணக்கிலும் பிழையில்லை. ஒரு காகிதம் ஏதோ ஒரு மேசையில் நின்றுபோயிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே ஏவுகணை பறக்க அரை மணி நேரம் ஆகும். நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே அப்படியொரு வசதி கிடையாது. சில நூறு கிலோமீட்டர் போகும் ஏவுகணைக்கு ஐந்தாறு நிமிடம் போதும். 2,000 கிலோமீட்டருக்கே பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம்தான். ரேடார் பிடித்து, கணக்கிட்டு, ஆள் சரிபார்த்து, மேலே சொல்வதற்குள் பாதி நேரம் போய்விடும். 2003-இல் அரசு உறுதிசெய்த அணுக் கொள்கையின்படி இந்தியா முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தாது. ஆகவே எச்சரிக்கை வந்த உடனே பதிலுக்கு ஏவுகணையை விட்டாக வேண்டும் என்ற அவசரம் நமக்கு இல்லை. இதை ஒரு பெரிய பாதுகாப்பாகவே பார்க்கிறேன். நம் ரேடார்களின் முதல் வேலை, வருவதை இடைமறிக்கும் ஏவுகணைக்கு வழிகாட்டுவது. இஸ்ரேலின் கிரீன் பைன் ரேடாரிலிருந்து வளர்ந்த ஸ்வார்ட்ஃபிஷ் அதற்குத்தான். அது பல நூறு கிலோமீட்டர் பார்க்கும். கடலிலிருந்து ஏவுகணைகளைத் தொடர 2021 செப்டம்பரில் விசாகப்பட்டினத்தில் ஐஎன்எஸ் துருவ் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. வொரோனெஷ் போன்ற ஒன்று வந்தால் பார்வை ஆயிரக்கணக்கான கிலோமீட்டராக நீளும். இந்தியப் பெருங்கடலும் சீனாவின் உட்பகுதிக்கு மேலே உள்ள வானமும் அதற்குள் வரும். பக்கத்து வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் வருவதற்கு அந்த நீளத்தால் கூடுதல் நிமிடம் கிடைக்காது.

நிமிடங்கள் கிடைக்காத இடத்தில் நாள்களை வாங்கித் தருவது சேதி. 2005 அக்டோபர் 3 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு ஒப்பந்தம் போட்டன. பாலிஸ்டிக் ஏவுகணையை, அதாவது வீசியெறிந்த கல்போலப் போகும் வகையை, சோதிப்பதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். ஏவும் இடம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்கு உள்ளே இருக்கக் கூடாது, விழும் இடம் 75 கிலோமீட்டருக்கு உள்ளே இருக்கக் கூடாது. எத்தனை சண்டை வந்தாலும் இந்தப் பழக்கத்தை இரண்டு தரப்பும் கைவிடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. 2022 மார்ச் 9 அன்று நம் பக்கத்திலிருந்து தவறுதலாகக் கிளம்பிய ஒரு ஏவுகணை பாகிஸ்தானுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் மியான் சன்னு என்ற ஊர்ப்பக்கம் விழுந்தது. வெடிகுண்டு இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அது பிரம்மோஸ், குரூஸ் வகை. இரண்டு நாள் கழித்து இந்திய அரசு வருத்தம் தெரிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பாகிஸ்தான் ரேடார்கள் அதைப் பார்த்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த ரேடாராலும் பார்க்க முடியாது. அந்தச் சில நிமிடங்களில் எதிர்ப்பக்கம் திரை முன்னால் இருந்தவர் அவசரப்படாமல் இருந்ததற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அன்று இரவு பதினொன்றரை மணிக்கு மாமாவின் போனில் குரூப் சேதி வந்தது. கட்டுப்பாடு முடிந்தது, கடலுக்குப் போகலாம் என்று. பக்கத்து வீட்டுப் பையன் என்ஜினுக்கு டீசல் ஊற்றக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மாமா அவனை நிற்கச் சொல்லிவிட்டு வேறொரு எண்ணைத் தட்டினார்.

"குரூப்புல வந்துக்குது. அனுப்புனவன் யாருன்னு தெரியல. நம்ம துறை ஆளாண்ட ஒருவாட்டி கேட்டுட்டு எறக்கலாம், இரு."